மலை ஊரிலிருந்து ஐ.டி.ஐ-க்கு: தை மாதமே தொடங்க வேண்டிய வேலைகள்

ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ பத்தாவது முடித்த ஒரு பிள்ளை அரசு ஐ.டி.ஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்ந்தால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் அதற்கு மேல் இன்னொரு 1,000 ரூபாய் வரும். சீருடை, ஷூ, பாடநூல், வரைபடக் கருவி, சைக்கிள், பஸ் பாஸ் இவையும் அரசு செலவு. இவ்வளவு இருந்தும் சேர வேண்டிய பிள்ளைகள் சேராமல் போகிறார்கள். சேர்ந்தவர்களில் சிலர் பணம் வரவில்லை என்று மூன்றாம் மாதமே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கேரளாவுக்கோ குடகுக்கோ எஸ்டேட் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

திட்டம் இல்லாததால் இது நடப்பதில்லை. ஜூன் மாதம் கையில் இருக்க வேண்டிய காகிதத்துக்கு ஜூன் மாதம்தான் அலையத் தொடங்குகிறோம், அதனால் நடக்கிறது. பிள்ளை பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தை, மாசியிலேயே வீட்டில் உள்ளவர்கள் இந்த வேலைகளைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் எஸ்.டி. சான்று

எல்லாவற்றிலும் நாள் பிடிக்கும் வேலை இதுதான். மற்றப் பிரிவினருக்குச் சாதிச் சான்று தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றை 1989 நவம்பரிலிருந்து வருவாய் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் கொடுக்க முடியும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் போடும் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசைகளைத் தாண்டி அவரிடம் போகிறது. எந்த மேசையில் நின்றாலும் உங்களைத் தேடி யாரும் மலையேறி வரமாட்டார்கள். மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலை என்ன என்று பாருங்கள்.

மனுவை வேகமாக நகர்த்துவது இரத்த உறவினர் ஒருவரின் சான்று. அப்பாவுடையது இருந்தால் நல்லது. இல்லையென்றால் அப்பாவின் அண்ணன் தம்பி, அத்தை, தாத்தா யாருடையதாவது. அவர்களோடு உள்ள உறவைக் காட்ட ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்று, பழைய பட்டா எது இருந்தாலும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்கும் சான்று இல்லையென்றால் நேரடி விசாரணை நடக்கும். ஊர்ப் பெரியவர்களையும் அதே சமூகத்தில் சான்று வைத்திருப்பவர்களையும் அன்றைக்கு ஊரில் இருக்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்தால் மனு தள்ளுபடியாகிவிடும்.

மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஸ்.டி. பட்டியலில் அவர்களுக்கான இடம் மாவட்ட வாரியானது. சேலம், தர்மபுரி, புதுக்கோட்டை, பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதிகளில் உள்ளவர்கள் அதில் வருகிறார்கள். சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லின் கொல்லிமலையும் அதில் அடங்கும். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே சமூகத்தார் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே வழக்கம், ஒரே உறவு இருந்தும் மாவட்ட எல்லை ஒன்று பிள்ளைகளின் வாய்ப்பைப் பிரிக்கிறது. நெடுநாளாகக் கேட்டும் தீராத அநியாயம் இது. அங்குள்ளவர்கள் தங்களுக்குப் பொருந்தும் மற்றப் பிரிவுச் சான்றையாவது முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எந்தச் சான்றும் இல்லாமல் போனால் பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தார் 2023 ஜனவரியில் எஸ்.டி. பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பழைய பிரிவில் சான்று வைத்திருப்பவர்கள் புதிதாக மனுப் போட வேண்டும்.

மனு நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியும் (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நல்ல சமயம். ஆனால் அது பெரும்பாலும் மே, ஜூனில்தான் வரும். அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். வருமானச் சான்றையும் அதே இ-சேவை மையத்தில் அதே நாளில் போட்டுவிடுங்கள்.

ஆதாரும் வங்கிக் கணக்கும்

பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

பிள்ளைக்கு 15 வயதானதும் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 15-லிருந்து 17 வயதுக்குள் செய்தால் இலவசம். சிறுவயதில் வைத்த ரேகை இப்போது பொருந்தாது. இதைச் செய்யாமல் வங்கிக்குப் போனால் கருவி ரேகையை ஏற்காது. ஐ.டி.ஐ-யில் சேரும் வயதும் இதுவே என்பதால் பரீட்சை முடிந்த மறுவாரமே ஆதார் மையத்துக்குப் போய்வந்துவிடுங்கள். செல்போன் எண்ணையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். மேஸ்திரியின் எண்ணையோ கடைக்காரர் எண்ணையோ கொடுத்துவிட்டால் பின்னால் பெரும் தொல்லை.

அடுத்தது பெயரும் பிறந்த தேதியும். மதிப்பெண் சான்றிதழில் ‘ம. செல்வி’, ஆதாரில் ‘செல்வி மாதையன்’, வங்கிப் புத்தகத்தில் ‘செல்வி’ என்று மூன்று விதமாக இருந்தால் கணினி மூன்று ஆட்களாகப் பார்க்கும். மதிப்பெண் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்துங்கள். பள்ளிச் சான்றைத் திருத்துவதுதான் கடினம்.

மூன்றாவது, கணக்கை ஆதாரோடு இணைப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாலே இணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது வாடிக்கையாளர் விவரத்துக்கு மட்டும். அரசுப் பணம் நேரடியாக வர (இதைத்தான் டி.பி.டி. என்கிறார்கள்), அந்தக் கணக்கை ஆதார் எண்ணோடு என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பட்டியலில் பதிய வேண்டும்; இதற்குப் பெயர் ஆதார் சீடிங். அதற்குத் தனிப் படிவம் உண்டு. ‘டி.பி.டி. வர ஆதார் சீடிங் பண்ணுங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று கணக்கு இருந்தாலும் கடைசியாக எதைச் சீடிங் செய்தார்களோ அதற்குத்தான் பணம் போகும். ஐ.டி.ஐ-யில் கொடுத்தது ஒரு வங்கி, சீடிங் ஆனது வேறு வங்கி என்றால், பணம் வந்திருந்தும் வரவில்லை என்று அலைய நேரிடும். எந்த வங்கியில் பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம்.

வங்கி மலையடிவாரத்தில்தான் என்றால் போஸ்ட்மேனிடமே கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கை அவர் கையிலுள்ள கருவியிலேயே தொடங்கலாம், பணமும் எடுக்கலாம். கீழே இறங்கி ஏற ஆகும் ஒரு நாள் கூலி மிச்சம்.

எந்தத் தொழில், எந்த ஐ.டி.ஐ.

மலைப்பகுதிப் பிள்ளைகளை மனதில் வைத்தே கருமந்துறை, கொல்லிமலை, ஜமுனாமரத்தூர், ஆனைகட்டி, கூடலூர் ஆகிய இடங்களில் அரசு ஐ.டி.ஐ-கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கம் என்பது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத தொழிலை எடுக்க வேண்டாம். விடுதி வசதியோடு கீழே சேலத்திலோ திருவண்ணாமலையிலோ சேரலாம்.

எட்டாவது மட்டும் முடித்தவர்களும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. வயர்மேன், வெல்டர், பிளம்பர், தையல் போன்றவற்றுக்கு எட்டாவது தேர்ச்சி போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக் ஆகியவற்றுக்குப் பத்தாவது வேண்டும். ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை. பெண்களுக்கு மேல்வரம்பு இல்லை. பத்தாண்டுக்கு முன் படிப்பை நிறுத்திய அக்காவும் போகலாம்.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: பயிற்சி முடித்துப் பிள்ளை எங்கே இருக்கப்போகிறது? ஓசூர், கோயம்புத்தூர் ஆலைக்குப் போவதென்றால் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எடுக்கலாம். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு தரம் உயர்த்திய 71 ஐ.டி.ஐ-களில் சி.என்.சி. (கணினியால் இயங்கும் எந்திரம்), ரோபோ, மின்வாகனம் சார்ந்த புதிய பிரிவுகளும் உண்டு. மலையிலேயே இருப்பதென்றால் கணக்கு வேறு.

மலை ஊரில் வேலை எதில் இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பாருங்கள். மின்கம்பியின் கடைக்கோடியில் இருப்பதால் மின்னழுத்தம் இறங்கும். மோட்டார் சூடேறிக் காயில் எரியும். எலக்ட்ரீஷியன் பிரிவில் ரீவைண்டிங்கை (எரிந்த காயிலுக்குப் புதிதாகக் கம்பி சுற்றுவது) ஊன்றிக் கற்றவருக்கு வேலை ஓயாது. பாறை நிலத்தில் எர்த் சரியாக நிற்காது. குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து, பைப்பை முழு ஆழம் இறக்கத் தெரிந்த வயர்மேன் ஓர் ஊரையே மின் விபத்திலிருந்து காப்பாற்றுவார். சுனையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கும் ஊர்களில் குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். மேல்பக்கம் தண்ணீர் நிறைந்திருக்கும், கீழே சொட்டு வராது. அந்த மேட்டின் உச்சியில் காற்று வெளியேற ஒரு வால்வு வைக்கத் தெரிந்தால் போதும். வண்டி மெக்கானிக்குக்கோ கொண்டை ஊசி வளைவே சோறு போடும். கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 வளைவுகள். பிரேக் ஷூ தேயாமல் இருக்குமா?

வெல்டருக்கு ஒரு எச்சரிக்கை. பட்டறையில் முழு மின்னழுத்தத்தில் 3.15 மில்லிமீட்டர் ராடு வைத்துப் பழகிவிட்டு ஊரில் அதையே வைத்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், ஆர்க் நிற்காது. மின்னழுத்தம் குறைந்த ஊரில் இன்வெர்ட்டர் மெஷினும் 2.5 மில்லிமீட்டர் ராடும் வைத்து, 70 முதல் 90 ஆம்பியருக்குள் வேலை செய்யப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ராடு நமுத்துப்போனாலும் பற்று சரியாக விழாது. மலையின் மழைக்காலத்தில் ராடு பாக்கெட்டை அடுப்படி மேலே வைப்பது நல்லது.

விண்ணப்பம்

பத்தாவது முடிவு வரும் காலத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். கட்டணம் 50 ரூபாய். செல்போனில் போடலாம், ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் பாதியில் நின்று, பணம் மட்டும் போய்விடும். அரசு ஐ.டி.ஐ. உதவி மையத்துக்கே போய்ப் போடுங்கள். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், புகைப்படம், பள்ளியில் கொடுத்த இ.எம்.ஐ.எஸ். எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) ஆகியவை கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை மாற்றுச் சான்று வாங்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத உதவித்தொகைக்கு அதுதான் சாவி.

விருப்பப் பட்டியலில் ஒரே ஒரு ஐ.டி.ஐ-யை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வரிசையாக நிறையப் போடுங்கள். கலந்தாய்வில் கிடைக்காவிட்டாலும் பிறகு காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். அந்த நாளில் அசல் சான்றுகளோடு நேரில் நிற்பவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

மாதப் பணம்

750 ரூபாய் ஐ.டி.ஐ. வழியாக வருவது. அடுத்த 1,000 ரூபாய் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022 செப்டம்பரில் தொடங்கியது) ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024 ஆகஸ்ட்) வருவது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி இவையும் கணக்கில் சேரும். எட்டாவதோ பத்தாவதோ முடித்து நேராக ஐ.டி.ஐ. வந்தவருக்கும் உண்டு, பன்னிரண்டாவது கட்டாயம் இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். விண்ணப்பத்தை ஐ.டி.ஐ. அலுவலகம் வழியாகத்தான் போட வேண்டும். இடைத்தரகர் யாராவது ‘நான் போட்டுத் தருகிறேன்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆக மாதம் 1,750 ரூபாய். ஆனால் முதல் தவணை சரிபார்ப்பெல்லாம் முடிந்து வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். பஸ் பாஸும் முதல் நாளே கைக்கு வராது. பிள்ளை மனம் விடுவது அந்த இடைவெளியில்தான். சேரும்போதே மூவாயிரம் ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள். மகளிர் குழுவில் சிறுகடன் வாங்கலாம். மேஸ்திரியிடம் முன்பணம் மட்டும் வேண்டாம். அதை வாங்கினால் பிள்ளையைத்தான் அடகு வைத்ததாகும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் பலர் நம் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்துக்காரர்கள். கையில் ஒரு தொழிலும் ஊரில் ஒரு வருமானமும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

வீட்டுச் செலவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கூலி குறைந்தால் அடுப்பு எப்படி எரியும் என்பது நியாயமான கேள்வி. அந்தியோதயா அட்டை இருந்தால் மாதம் 35 கிலோ அரிசி இலவசம்; ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து அது குறையாது. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாருக்கும் அந்த அட்டை பெற உரிமை உண்டு. சாதாரண அட்டை வைத்திருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மாற்றக் கேளுங்கள். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பிள்ளை விடுதிக்குப் போனதென்று அதன் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள். நிராகரித்திருந்தால் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

வருகையும் தேர்வும்

தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். நூறு நாளில் இருபது நாள்தான் விடுப்பு. கொல்லிமலையில் மிளகு பறிப்பு, ஜவ்வாதில் புளி உலுக்கல், ஊர்த் திருவிழா, மழையில் பஸ் நின்ற நாள் எல்லாம் சேர்ந்தால் அந்த இருபது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். சேர்ந்த நாளிலிருந்து சுவர்க் காலண்டரில் விடுப்பு நாளுக்கு வட்டம் போடுங்கள். அறுவடைக்குத் தேவையான நாளை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு மற்ற நாளில் கட்டாயம் அனுப்புங்கள்.

செய்முறையில் 60 சதவீதமும் எழுத்துத் தாள்களில் 33 சதவீதமும் எடுத்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கும். மௌஸ் தொட்டிராத பிள்ளை விடை தெரிந்தும் தோற்கும், ஐ.டி.ஐ. கணினி அறையில் மாதிரித் தேர்வு எழுதப் பயிற்றுநரிடம் கேளுங்கள். பட்டறைக் கணக்கில் பின்னம், சதவீதம், அலகு மாற்றம் இவைதான் தடுக்கும். முதல் இரண்டு மாதத்திலேயே அவற்றைச் சரிசெய்துகொண்டால் பிறகு சிரமமில்லை.

ஐ.டி.ஐ-க்குப் போக முடியாதவர்களுக்கு

குடும்பப் பொறுப்பு ஏறிவிட்ட, 18 வயது நிரம்பியவர்களுக்கு மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருந்தும். சேலம், திருவண்ணாமலையில் இந்தியன் வங்கியும் கோயம்புத்தூர், நீலகிரியில் கனரா வங்கியும் நடத்துகின்றன. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் இலவசம். மோட்டார் ரீவைண்டிங், இருசக்கர வாகனப் பழுது, தையல் போன்றவை சுமார் 30 நாளில் முடியும். அதன் பின்னும் இரண்டு ஆண்டு தொடர்ந்து வழிகாட்டி, வங்கிக் கடனுக்கும் உதவுவார்கள். ஆனால் இது ஐ.டி.ஐ. சான்றுக்கு ஈடாகாது, மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு மனுப் போட எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற ஐ.டி.ஐ. சான்றுதான் வேண்டும்.

முடித்த பிறகு

சான்று கைக்கு வந்ததும் அப்ரண்டிஸ் (ஆலையில் தொழில் பழகுநர்) பதிவு செய்யுங்கள். 2019-இல் திருத்திய விதி, கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தது. அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு நேரடியாகப் பயிற்சியாளரின் கணக்கில் போடுகிறது. மறுபடியும் அதே ஆதார் சீடிங் தேவைப்படும்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் அரசுத் தேர்வுத் துறை வழியாக எழுதித் தேறினால், எட்டாவது முடித்துச் சேர்ந்தவருக்குப் பத்தாவதுக்கு இணையும் பத்தாவது முடித்துச் சேர்ந்தவருக்கு பிளஸ் டூவுக்கு இணையும் கிடைக்கும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம்.

சொந்தமாகக் கடை வைப்பவர்களுக்குத் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) வழியாக முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் தொழில் முனைவுத் திட்டம் இருக்கிறது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம். வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்கும். கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையில் விலைப்புள்ளி மட்டும் வாங்கி மனுவோடு வையுங்கள். கடன் கையெழுத்தாவதற்கு முன் ஆசைப்பட்டு மெஷினை வாங்கிவிட்டால் அந்த பில்லுக்கு மானியம் கிடைக்காது.